இரண்டு பல்லில் வைத்த வெள்ளைப் பெயிண்ட்

தம்பி,

தாளின் தலையில் சிலுவை போட்டேன். அதற்கடுத்து எல்லோரும் எழுதுகிற நலம் விசாரிக்கும் வரியை எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். நாங்கள் நலமாக இருக்கிறோமா என்பது எனக்கே பிடிபடவில்லை. உன் அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், காலைப் பூசைக்குப் போய்வருகிறார். நான் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, கல்லை முறத்தில் விட்டுவிட்டு அரிசியைத் தூக்கி வெளியே போடுகிறேன். நீ கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் உன் கூட்டாளி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மா ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் வந்தால், உனக்குக் குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். பதினேழு வருடமாக அந்த வித்தையில் நான் தேறியவள்.

இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் கூட்டாளி படிக்கட்டும். தை மாதம் நீ கட்டிக்கொள்ளப் போகிறவளும் படிக்கட்டும், அவளுக்கும் உதவும். கான்வென்ட் சிஸ்டர்களிடம் எட்டாவது வரை படித்த எழுத்துதான், பிழை இருந்தால் திருத்திக்கொள்.

நீ அன்றைக்குப் பேசியதைத் திரும்பச் சொல்ல எனக்கு ஆசையில்லை. சொல்லாமல் இதை ஆரம்பிக்கவும் முடியவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் ஷெட் பிடித்துவிட்டாய் என்று சொல்ல வந்தாய். முகமெல்லாம் சிரிப்பு. "ரிடையர் ஆயி சும்மாதான குந்திகினு கீறீங்க. கடைக்கு வாங்கப்பா. வண்டி சத்தத்தக் கேட்டு இன்னா கோளாறுன்னு சொன்னா போதும், கை வெக்க நாங்க கீறோம்" என்று கேட்டாய். நல்ல வார்த்தைதான். அவர், "என் காத நம்பாதடா. என்னையே நான் நம்பறதில்ல" என்றார். அதற்கு நீ சொன்னாயே, "கதவ மூணு தபா இழுத்துப் பாக்கற ஆளக் கூப்பிட்டேன் பாரு, என்னச் சொல்லணும். ஒரு வால்வு வளைஞ்சதுக்குத் தொழில வுட்டு ஓடிப்போனவர்தான நீங்க." அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினார். கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

நம்முடைய ஒர்க்‌ஷாப் உனக்கு எந்த அளவுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டு மேலேயே தகரக் கொட்டகை, பின்னால் நம் வீடு, பக்கத்துக் கொட்டகையில் லாரி வேலை பார்க்கிற காதர் பாய். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு மோட்டார் சைக்கிள். அன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனையும் உன் அப்பாவிடம்தான் வரும். வண்டியை ஓட்டி வருகிறவரிடம் முதலில் அவர் சொல்வது, "நிறுத்தாதீங்க, ஓடட்டும்." நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். இந்த இடத்தில் டிக் டிக்கென்றால் டாப்பெட், அந்த இடத்தில் தட்டினால் பிஸ்டன், அடியில் உருட்டினால் பேரிங் என்று சொல்வார். திறந்து பார்த்தால் அதுவாகவே இருக்கும். ஒருநாள் என் காதிலும் வைத்தார். கல்யாண வீட்டில் பந்தி நடக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. "ஒண்ணும் புரியலீங்க" என்றேன். "யாரு பேசறான்னு கேளு, எல்லாத்தையும் கேக்காதே" என்றார். எனக்குக் கடைசி வரை யாரும் பிரிந்து கேட்கவில்லை.

அந்த வருடம் பங்குச் சாமியாருடைய வண்டி வந்தது. நான்கு ஸ்ட்ரோக் பெரிய வண்டி, யாரோ ஓட்டிக் கழித்ததை மேற்றிராசனத்தில் பிஷப் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சாமியாருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராமம். வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அதில்தான் சுற்றுவார். வலது பக்கத்திலிருந்து ஊளையிடுகிறது என்று கொண்டுவந்தார். அந்தப் பக்கத்து மூடிக்குள்தான் பல் சக்கரங்கள் இருக்கின்றன. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வருகிற நேரத்துக்கு வால்வு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் வரும்போது இன்னொருவர் வழி விட வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்வது அந்தச் சக்கரங்கள். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்று கம்பெனியிலேயே புள்ளி குத்தி அனுப்புவார்களாம். ஆனால் இந்த வண்டியில் ஒரு சக்கரம் எப்போதோ புதுப்பேட்டையில் பழசாக வாங்கி மாட்டியது. அதில் புள்ளி தேய்ந்து, பக்கத்தில் எவனோ தன் கைக்கு ஒரு புள்ளி வேறு குத்தி வைத்திருந்தான். எதை நம்புவது? அதனால் உன் அப்பா கழற்றுவதற்கு முன்பே, சேர்ந்திருந்த பற்களின் மேல் தீக்குச்சியால் தொட்டு வெள்ளைப் பெயிண்ட் வைத்தார். நம் வீட்டு ஜன்னலுக்கு அடித்தது போக டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த பெயிண்ட். இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது. பின்னால் காதர் பாயிடம் எதையோ கேட்பது போல் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சக்கரங்களைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துவிட்டு, அச்சைத் தாங்குகிற தேய்ந்த புஷ்ஷுக்கு அளவு கொடுத்து லேத்தில் கடைந்து வாங்க அவர் குன்றத்தூர் போனார். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையென்றால் நாங்கள் நாலைந்து பெண்கள் கோயிலுக்குப் போய்ப் பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவோம். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு; நான் விளக்கினதில் முகம் தெரியும் என்பார்கள். அன்றைக்கு விளக்கிவிட்டு வீட்டுக்கு வருகிறேன், கொட்டகையில் சாமியார் வண்டியின் சாமான்கள் கருகருவென்று கிடக்கின்றன. என் புத்தி எப்படிப் போயிற்று என்று பார். இதுவும் கோயில் சாமான்தானே, சாமி பார்த்தால் சந்தோஷப்படுவாரே என்று தோன்றியது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். இரண்டு பல்லில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரமாட்டேனென்றது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு துடைத்து, அதே தட்டில் அதே வரிசையில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடினேன். மெக்கானிக் பெண்டாட்டி செய்யக்கூடாத வேலை எதையும் நான் அதுவரை செய்ததில்லை. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்து துணியை எடுத்தார். நான் கதவோரம் நின்று, ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கரத்தை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அழகு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், பெருமையாகவே சொல்லியிருப்பேன். ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. பாராட்டு வரவில்லையே என்கிற கோபத்தில் உள்ளே போய்விட்டேன்.

மாட்டி முடித்து உதைத்ததும் வண்டி எடுத்துக்கொள்ளவில்லை. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு எடுத்தது. சத்தம் கேட்டுக் காதர் பாய் வந்தார். சாமியாரும் வந்துவிட்டார், மறுநாள் ஞாயிறு, இரண்டு கிராமத்தில் பூசை இருந்தது. வண்டி ஊளையிடவில்லை, ஆனால் வேறு ஏதோ சத்தம். உன் அப்பா வால்வைத் தள்ளுகிற புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்த்து டாப்பெட்டைச் சரிசெய்தார். சத்தம் குறைந்தது, போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். காதர் பாய் அதை வாங்கித் தானும் கேட்டார். "அரே, இது பிஸ்டன் பழசுப்பா. சூடானா சரியாப்பூடும்" என்றார். சாமியார் தன் பங்குக்குக் குனிந்து கேட்டு, "எனக்கு நல்லாத்தான் கேட்குது" என்றார். உன் அப்பா மட்டும் திரும்பத் திரும்ப வலது பக்கத்திலேயே முனையை வைத்தார். மெதுவாக ஓடும்போது ஒன்றுமில்லை, முறுக்கினால் மட்டும் ஒரு சின்னத் தட்டல் என்றார். "சக்கரத்துலதான் இன்னமோ கீது. தெறந்து பாத்துட்டுத் தரேன் சாமி" என்றார்.

தம்பி, இந்த இடத்தை இரண்டு தடவை படி. அவர் காது சரியாகச் சொன்னது. பழுது எங்கே என்று, மூடியைத் திறக்காமலே, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டார். அவரை நம்பாதது நாங்கள் மூன்று பேர். பாய் சிரித்தார். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூசைக்குப் போற வண்டிய நிறுத்தி வெக்கிறீங்களே, நல்லாவா கீது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சாமியார் எதிரில் எனக்கு அப்படியொரு மானப் பிரச்சினை. உன் அப்பா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "மெதுவா ஓட்டுங்க சாமி. முறுக்காதீங்க. செவ்வாக்கெழம கொண்டாந்து வுடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு நன்றாகப் போயிற்று. திங்கட்கிழமை மத்தியானம் ஒரகடத்தைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. அந்தோணி என்று ஒரு பெரியவர், கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, சாமியார் வந்து நன்மை கொடுத்து, உயிர் போகுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட அழைப்புக்கு மெதுவாகப் போகிற சாமியார் உண்டா? முறுக்கினார். ஏரிக்கரை மேல் போகும்போது டங்கென்று ஒரு சத்தம், வண்டி நின்றது. உதைத்தால் காலுக்குக் கீழே எதிர்ப்பே இல்லை, சும்மா இறங்குகிறது. எண்ணெய்ச் சிமிழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் நாலு மைல் நடந்து போயிருக்கிறார். அவர் படியேறும்போது உள்ளே பெண்கள் அழ ஆரம்பித்திருந்தார்கள். நம்முடைய ஜனங்களுக்கு அது எப்படிப்பட்ட குறை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நன்றாக ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாரா? சிலர் சேர்ந்திருப்பார் என்றார்கள். சிலர் இல்லை, சாமியார் கிளம்பும்போதே மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். எனக்கு இன்றுவரை குழப்பம்தான். அந்தோணியின் மகன் மறுவாரம் நம் கொட்டகைப் பக்கம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று பயந்தேன். அவன், "வண்டி ரிப்பேர் ஆயிடுச்சாமே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலாம்.

மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த இன்ஜினை உன் அப்பா தனியாகத் திறந்தார். ஒரு வால்வு வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் அந்த வால்வு இடித்த வடு, பிறை மாதிரி. பிறகு வலது பக்க மூடியைக் கழற்றி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பல்லை எண்ணினார். நான் அவருக்கு மோர் கொண்டு போனேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒரு பல்லு தள்ளி மாட்டிகீறேன்" என்றார். "பெயிண்ட் வெச்ச மாதிரியே எனக்கு ஞாபகம். தீக்குச்சிய டப்பால வுட்டுச் சொரண்டினது கூட ஞாபகம் கீது. ஆனா வந்து பாத்தா இல்லியே. வெக்காமலே வெச்சதா நெனச்சிகினு இருந்திருக்கேன். எனக்கு இன்னாமோ ஆயிடுச்சு."

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை, ஏன் நெற்றியைத் தேய்த்தார், ஜன்னலை ஏன் பார்த்தார், எல்லாம். என் நகக்கண்ணில் இரண்டு நாள் முன்பு வரை அந்த வெள்ளை இருந்தது. "நான்தாங்க சொரண்டினேன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மோரை வைத்தேன். "வெயில்ல ஒக்காந்திருக்கீங்க, குடிங்க" என்றேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பெரியவர் அவஸ்தை பூசாமல் செத்த பழி என் தலையில் விழுமே என்று பயந்தேன் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். சாமியார் என்ன நினைப்பார் என்கிற வெட்கம் என்று கொஞ்ச நாள். சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் என்பது மட்டும் நிச்சயம். நாளைக்கு என்பது பழகிவிட்டது.

கோயிலில் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, நம்மூர்ச் சாமியாரிடம் இல்லை, திருவிழாவுக்கு வந்திருந்த வெளியூர்ச் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல், வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொல்லிவிடு என்றார். மந்திரத்தைச் சொல்லிவிட்டேன். மீதியை விட்டுவிட்டேன். கடவுளுக்குத் தெரிந்ததை அவருக்கு வேறு எதற்கு என்று ஒரு சமாதானம்.

அடுத்த மாதம் அவர் கொட்டகையைக் கொடுத்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஷிஃப்ட் வேலை, லைனில் நின்று ஒரே போல்ட்டை முறுக்குகிற வேலை. "இங்க தப்புப் பண்ணா சூப்ரவைசர் பாத்துடுவான், அது நிம்மதி" என்றார். இந்தக் கையும் இந்தக் காதும் உள்ள மனுஷன் பேசுகிற பேச்சா அது? அதற்குப் பிறகுதான் கதவை மூன்று தடவை இழுப்பது, ஸ்டவ்வை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருவது, சட்டைப் பையில் துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வது. உன் பத்தாவது பரீட்சையன்று ஹால் டிக்கெட்டை உன் பையில் வைத்தேனா என்று வழியிலேயே நிறுத்தி மூன்று முறை திறந்து பார்த்தார், நீ கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் உட்கார்ந்தாய். என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு பஸ்ஸை விட்டோம். சொந்தக்காரர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் தம்பி. அவர்கள் தெரியாமல் சிரித்தார்கள், நான் தெரிந்தே சிரித்தேன். நீ அவரைக் கேலி பேசக் கற்றுக்கொண்டது என்னிடம்தான்.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டுக்குள் ஒருவர் தன்னைத் தானே சந்தேகப்படுகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், கையில் இருக்கிற வேலையைக் கீழே வை. அது உண்மையா பொய்யா என்று உனக்குத் தெரியுமானால் அப்போதே சொல். அவர் திட்டினால் திட்டட்டும். திட்டு ஒரு வாரத்தில் போய்விடும். சொல்லாமல் விட்டது எத்தனை வருடம் போகும் என்பதற்கு உன் அப்பாவின் சட்டைப் பை சாட்சி. உன் தொழிலிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், ஆனால் உன் தொழில் எனக்குத் தெரியாது. தெரியாத தொழிலில் கை வைத்து ஒரு தடவை பட்டது போதும்.

இதுவரை எழுதி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இதற்குக் கீழே எழுதுவது நாலு நாள் கழித்து.

உனக்குச் சொல்லிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. செவ்வாய்க்கிழமை காலை என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். சாமியார் வண்டி சக்கரத்தை அன்றைக்கு நான் விளக்கினேன் என்றேன். எந்தச் சாமியார், எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை.

"நீயா வெளக்கினே?"

"ஆமாங்க. நீங்க குன்றத்தூர் போயிருந்தீங்க."

"மண்ணெண்ணெய்லயா?"

"மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு, சாம்பல் போட்டுத் தேச்சேன். ரெண்டு பல்லுல வெள்ளையா இருந்துது. அழுக்குன்னு நெனச்சு நகத்தால சொரண்டிட்டேன்."

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "வெள்ளையா?" என்றார்.

"வெள்ளைதாங்க. நம்ம ஜன்னல் பெயிண்ட்."

"அப்போ நான் வெச்சேன்" என்றார். மறுபடி, "அப்போ நான் வெச்சேன் இல்ல?" என்றார். "வெச்சீங்க" என்றேன். எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், "ரெண்டு பல்லுலதான?" என்று கேட்டார். "ரெண்டு பல்லுலதாங்க." சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடிப்பார், கத்துவார், தட்டை வீசுவார் என்று எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தையில் தீர்ந்துவிட்டதா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று தலை சுற்றியது.

மறுநாள் காலை காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதினேழு வருசம் பாத்துகினே இருந்தியா?" என்றார். கோபமாகக் கூட இல்லை. தெரியாமல் கேட்கிறது போலத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. தெருவில் பேசுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் மொபெட்டைக் கிளப்பினால் வேலி ஓரம் போய் நிற்கிறார். "செயின் தொங்குது, சொல்லு உங்கப்பன்ட்ட" என்கிறார். உள்ளே வந்தால் வாய் மூடிக்கொள்கிறது. எனக்கு இதில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு அவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது நிச்சயம். அவர் திரும்பக் கிடைத்ததும் முதலில் பார்த்தது என்னைத்தான், என்னை அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் அவரைத் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

நாளை முதல் பஸ்ஸில் உன்னிடம் வருகிறார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னது காதில் விழுந்தது, வேஷ்டி சட்டை நாலு எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், பையின் வாயை இழுத்து மூடினார். இந்தக் கடிதத்தை அந்தப் பையில்தான் மேலாக வைக்கிறேன், ஒட்டவில்லை. வழியில் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். எனக்காக நீ அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். வீட்டுக்குப் போங்கள் என்றும் சொல்லாதே. அன்றைக்குப் பேசினதற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை ஷெட் ஆட்கள் எதிரில் கேள். பிறகு ஒரு வண்டியைக் கிளப்பி அவர் முன்னால் விட்டுவிட்டுத் தள்ளி நில்.

சந்தேகம் அவரை ஒரே நாளில் விட்டுவிடும் என்று எதிர்பார்க்காதே. நட்டை முடுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து உன்னிடம் வந்து, "முடுக்கினேனா?" என்று கேட்பார். நீ பார்த்திருந்தால், முடுக்கினீங்கப்பா என்று சொல். பார்க்கவில்லையென்றால், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு அவரோடு போய்ப் பார். சும்மா மட்டும் நிற்காதே.

அம்மா